நாரத்தை மணக்கும் நகரில்

பாத்திமாவுக்கும் லூர்துக்கும் திருப்பயணம் செல்லும் நம் மக்களுக்கு ஸ்பெயின் நாடு பெரும்பாலும் வழியில் கடந்து போகும் நாடாகவே இருந்துவிடுகின்றது. பேருந்தின் சன்னல் வழியே ஒலிவத் தோப்புகளைப் பார்ப்பார்கள். ஒரு பேராலயத்தில் இறங்கிச் செபிப்பார்கள். பயண ஏற்பாட்டாளர் தரும் சோற்றையும் கையோடு கொண்டுபோன ஊறுகாயையும் உண்டு மறுபடி வண்டி ஏறுவார்கள். அதில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் ஒரு மக்களினத்தை அறிந்துகொள்ள அதன் ஆலயங்களைக் காண்பதோடு அதன் அடுக்களையையும் எட்டிப் பார்க்க வேண்டும். தன்னைப்பற்றி உலகம் என்ன அறிய வேண்டுமென்று ஓர் ஊர் விரும்புகிறதோ, அதை அதன் கோபுரங்கள் சொல்லும். அவ்வூர் மறந்துவிட்டதையும் மறைத்துவிட்டதையும் அதன் அடுப்பு சொல்லிவிடும்.

இவ்வுண்மையை நாங்கள் கண்டறிந்த இடம், தென் ஸ்பெயினில் அந்தலூசியா மாநிலத்தின் தலைநகராக விளங்கும் செவில். அந்நாட்டார் வாயில் அது ‘செவீயா’ என்று ஒலிக்கும். ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் வாழும் நகரம். மத்ரித்திலிருந்து 1992ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அதிவேக இரயிலில் இரண்டரை மணி நேரப் பயணம். நாங்கள் போய்ச் சேர்ந்தது தவக்காலத்தின் கடைசி நாட்களில். இரயில் நிலையத்தை விட்டு நகருக்குள் நுழைந்ததும் எங்களை முதலில் வரவேற்றது ஒரு நறுமணம். தெருக்களின் இருமருங்கிலும், ஆலய முற்றங்களிலும், சின்னஞ்சிறு சதுக்கங்களிலும் நம் நாரத்தைக்கு உறவான கசப்பு ஆரஞ்சு மரங்கள் வெண்பூக்களைச் சொரிந்துகொண்டிருந்தன. அப்பூவை அவர்கள் ‘அசகார்’ என்கின்றனர். மலர் என்று பொருள்படும் அரபுச் சொல்லின் திரிபு அது.

பழத்தின் பெயரோ ‘நரஞ்சா’. அரபியர் நாரஞ்ச் என்றனர். அவர்களுக்குப் பாரசீகர் நாரங் என்று கொடுத்தனர். அவர்களுக்கு நம் நாடு கொடுத்தது. சமஸ்கிருதத்தின் நாரங்கமும் நம் நாரத்தையும் ஒரே குடும்பத்துச் சொற்கள். சர்க்கரையைக் குறிக்கும் ‘அசூக்கர்’ என்னும் ஸ்பானியச் சொல்லும் இவ்வாறே நம் பக்கத்திலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக அங்கே சென்று சேர்ந்தது. அந்நிய நாட்டில் நிற்கிறோம் என்ற எண்ணம் அம்மரங்களின் நிழலில் எங்களுக்குச் சற்றே குறைந்தது.

அந்த நகரின் பெரும் பேராலயம் முன்னர் மசூதி நின்ற இடத்தில் எழுந்தது. கி.பி. 711இல் தொடங்கிய இஸ்லாமியர் ஆட்சியிலிருந்து செவிலை 1248இல் மீட்டவர் அரசர் மூன்றாம் பெர்னாந்து. 1671இல் புனிதர் வணக்கம் பெற்ற அவருடைய உடல் இன்றும் பேராலயத்தின் அரச சிற்றாலயத்தில் வைக்கப்பெற்றுள்ளது. ‘கிரால்தா’ என்னும் மணிக்கோபுரத்தின் கீழ்ப்பகுதி 12ஆம் நூற்றாண்டில் தொழுகைக்கு அழைக்கக் கட்டிய கோபுரம். மேலே மணிகள் தொங்கும் பகுதி 16ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டது. அடிப்பகுதி ஒருவர் கட்டியது, முடி மற்றொருவர் வைத்தது. செவில் மக்கள் உண்ணும் உணவும் ஏறக்குறைய இதே அமைப்புடையது என்பதைப் போகப்போக அறிந்தோம்.

உண்ணும் வேளையும் முறையும்

அந்தலூசியாவில் பசிக்கும் நேரம் வேறு. மதிய உணவு இரண்டு மணிக்குப் பின்னர்; இரவு உணவு ஒன்பதுக்கு முன் கிடையாது. நம்மைப்போல் ஏழரை மணிக்கே இரவு உணவு தேடிப் புறப்படுவோர் மூடிய கதவுகளைத்தான் காண்பர். இடைப்பட்ட நேரத்திற்கென்றே அமைந்தது ‘தாப்பா’ என்னும் வழக்கம். மூடி என்பது அச்சொல்லின் பொருள். சிறு தட்டில் ஒரு பிடி உணவு. அருகே ஒரு சிறு குவளைப் பானம். நின்றபடியே நண்பர்களுடன் உரையாடல். ஒரு கடையில் ஒன்றை உண்டபின் அடுத்த கடைக்கு நடந்துவிடுவர். தனியே அமர்ந்து வயிறு புடைக்க உண்பதைவிடக் கூடி நின்று கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துண்பதையே அவர்கள் உணவு என்று கருதுவதாகத் தோன்றிற்று.

1670ஆம் ஆண்டு முதல் நடந்துவருவதாகச் சொல்லப்படும் ‘எல் ரின்கொன்சீயோ’ என்னும் பழைய கடையில், பணியாளர் நாம் கேட்டவற்றின் விலையை மரப்பலகை மேடையின்மீதே சுண்ணக்கட்டியால் எழுதுகிறார். எழுந்து போகும்போது கூட்டிச் சொல்லிவிட்டுத் துடைத்துவிடுகிறார். துண்டுச் சீட்டு இல்லை, சச்சரவும் இல்லை.

தவக்காலத்து அடுக்களை

அந்தக் கடையிலேயே செவில் நகரின் தவக்கால உணவில் முதன்மையானதை உண்டோம். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த கூட்டு அது. முந்திய இரவே ஊறவைத்த கடலையை வேகவைத்து, ஒலிவ எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டையும் பூண்டையும் உரலில் இடித்துச் சேர்த்து, சீரகமும் மிளகாய்ப் பொடியும் தூவி, சிறிது காடி விட்டுக் கீரையோடு கிளறுகின்றனர். சீரக மணம் எழுந்தபோது நம் வீட்டுத் தாய்மார் சமைத்ததோ என்று ஒரு கணம் ஐயுற்றோம். நம்மில் முதியோர் ‘சுத்தபோசனம்’ என்று சொல்லும் மாமிச விலக்கு நாட்களுக்கென்று பிறந்த உணவு இது. ஆனால் இப்போது ஆண்டு முழுவதும் விரும்பி உண்ணப்படுகிறது.

அடுத்து, ‘பக்கலாவ்’ என்னும் உப்பிட்ட மீன். வட அட்லாண்டிக் கடலில் பிடித்து, உப்பில் உலர்த்திய பெருமீன். கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள சிற்றூர் மக்களும் வெள்ளிக்கிழமை ஒழுங்கைக் காக்கும்படி செய்தது இக்கருவாடே. ஒரு நாளுக்கு மேலாகத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை நீக்கிய பிறகே சமைப்பர். கடலையோடும் கீரையோடும் இதையும் சேர்த்து ஆக்கிய குழம்பு பெரிய வெள்ளிக்கு உரியது. மாவில் தோய்த்துப் பொரித்தெடுத்த துண்டுகள் சிறு தட்டுகளில் எப்போதும் கிடைக்கின்றன.

இனிப்புகளும் உண்டு. ஒருசந்தி இருக்கும் காலத்தில் இனிப்பு எதற்கு என்று கேட்கலாம். மாமிசம் இல்லாத வீட்டில் உழைப்பாளிக்கு வலுவூட்ட வேறு வழி வேண்டியிருந்தது. மீந்து காய்ந்த ரொட்டியை எறிய ஏழைக்கு மனம் வரவில்லை. இவ்விரண்டும் சேர்ந்து பிறந்ததே ‘தொர்ரீகாஸ்’. பழைய ரொட்டித் துண்டைப் பாலிலோ திராட்சை இரசத்திலோ ஊறவைத்து, அடித்த முட்டையில் தோய்த்து, ஒலிவ எண்ணெயில் பொரித்து, தேனில் நனைக்கின்றனர். நம் சிற்றுண்டிச் சாலைகளின் பம்பாய் டோஸ்டுக்கு மூத்த உறவு என்று சொல்லலாம். புனித வாரத்தில் செவிலின் பலகாரக் கடைகள் எல்லாவற்றிலும் இது குவிந்து கிடக்கிறது.

‘பெஸ்தீஞோ’ என்பது மற்றொன்று. எள்ளும் சோம்பும் மணக்கும் மாவை மெல்லியதாக மடித்துப் பொரித்துத் தேனில் முக்கியது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் வீடுகளில் செய்யும் கலகலாவை இது எங்களுக்கு நினைவூட்டியது. இதற்கு மிக நெருங்கிய பலகாரம் மொராக்கோ நாட்டில் இருக்கிறது. அங்கே இஸ்லாமியக் குடும்பங்கள் ரமலான் நோன்புக் காலத்தில் எள்ளும் தேனும் சேர்த்து அதைச் செய்கின்றன. நடுவே இருக்கும் நீரிணையின் குறுகிய இடத்து அகலம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அக்கரையில் ஒரு நோன்பு, இக்கரையில் ஒரு நோன்பு. இரண்டு கரையிலும் ஒரே தேன்.

புனித வாரத்து ஊர்வலங்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும். அறுபதுக்குக் குறையாத பக்த சபைகள் ஆண்டவரின் பாடுகளையும் வியாகுல அன்னையையும் காட்டும் பெரும் தேர்களைச் சுமந்து பேராலயத்திற்கு வருகின்றன. சக்கரங்கள் இல்லை, தேரின் அடியில் நிற்கும் ஆட்கள் பிடரியில் தாங்கி அடி அடியாக நகர்த்துகின்றனர். அத்தகைய ஒருவர் நள்ளிரவில் தம் முறை முடிந்து வெளியே வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தில் சுற்றியிருந்த ஒரு தொர்ரீகாவை நின்றபடியே உண்டதைப் பார்த்தோம். உழைத்தவருக்கு வலுவூட்டும் தவக்கால இனிப்பு எதற்கென்று அதைக் கண்டபோது தெளிவாகப் புரிந்தது.

பருகுவன

கோடையில் 40 பாகையையும் தாண்டும் வெப்பம் இந்நகரில் சாதாரணம். அதனை ஆற்றுவது ‘கஸ்பாச்சோ’. சமைக்காத தக்காளி, வெள்ளரி, பூண்டு, ரொட்டி, ஒலிவ எண்ணெய், காடி, உப்பு ஆகியவற்றை அரைத்துக் குளிரவைத்த கஞ்சி என்று இதைச் சொல்லலாம். இன்று உயர்தர விடுதிகளில் கண்ணாடிக் குவளையில் வருகிறது. பழங்காலத்தில் இது வயலில் உழைத்த கூலியாட்களின் உணவு. காய்ந்த ரொட்டி, பூண்டு, எண்ணெய், காடி, தண்ணீர் என்பவற்றோடு முடிந்தது. நம் உழவர் காலையில் குடித்துவிட்டுப் போகும் நீராகாரத்திற்கு ஒப்பானது. தக்காளி பின்னாளில் வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்தோடு நடந்த வாணிகத்தை மேற்பார்வையிட 1503இல் அரச அலுவலகம் நிறுவப்பெற்ற இடம் இந்தச் செவில் நகரே. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, கொக்கோ என்று கடல் கடந்து வந்தவை பலவற்றுக்கு ஐரோப்பாவின் வாயிலாக இவ்வூர் விளங்கிற்று. வாதுமைப் பருப்பையும் பூண்டையும் அரைத்துச் செய்யும் வெண்ணிறக் கஞ்சியும் உண்டு. தக்காளி வருவதற்கு முந்திய பழஞ்சுவையை அறிய விரும்புவோர் அதைக் கேட்டு வாங்கலாம்.

காலை வேளையில் மாவைப் பிழிந்து எண்ணெயில் பொரித்த ‘சூரோ’வும் குழம்பாய்க் காய்ச்சிய சாக்லேட்டும் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெரியோருக்கும் பிரியமானவை. செவில் மக்கள் சூரோவைச் செல்லமாக ‘காலென்தீத்தோ’, அதாவது ‘சூடானது’, என்று அழைக்கின்றனர். இந்தச் சாக்லேட் பானம் 17ஆம் நூற்றாண்டில் இறையியலாருக்கே தலைவலி கொடுத்தது. இதைக் குடித்தால் ஒருசந்தி முறியுமா, முறியாதா என்று வாதிட்டனர். 1636இல் அந்தோனியோ தெ லெயோன் பினேலோ என்பவர் இக்கேள்விக்காகவே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். நோன்பைக் காப்பதைவிட அதன் எல்லைக் கோட்டை அளப்பதில் மனிதர் காட்டும் ஊக்கம் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான் போலும்.

வாலென்சியா நகருக்குச் செல்வோர் ‘ஓர்ச்சாத்தா’வைத் தவறவிடலாகாது. நம் வயல்வரப்பில் முளைக்கும் கோரைக்கு உறவான ஒரு செடியின் சிறுகிழங்குகளை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால் அது. இனிப்பும் குளிர்ச்சியும் உடையது. போதை சிறிதும் இல்லை.

செவிலுக்குத் தெற்கேயுள்ள கெரேஸ் என்னும் ஊரைச் சுற்றி விளையும் திராட்சை இரசம் உலகப் புகழ் பெற்றது. ஆங்கிலேயர் வாயில் அவ்வூரின் பெயரே ‘ஷெர்ரி’ ஆயிற்று. மிடாக்களை அடுக்கடுக்காக வைத்து, தரையை ஒட்டிய வரிசையிலிருந்து சிறிதளவே எடுப்பர். எடுத்த அளவை அதற்கு மேல் வரிசையிலிருந்து நிரப்புவர். இப்படிப் புதியது படிப்படியாக இறங்கிப் பழையதோடு கலந்து அதன் குணத்தைப் பெறுகிறது. மூத்தோர் மடியில் இளையோர் வளரும் குடும்பத்தைப் போன்ற ஏற்பாடு. பழக்கமில்லாதோர் விலகிக்கொள்வதே நலம். பழக்கமுள்ளோர்க்கும் விரலளவே அந்நாட்டு வழக்கு. ஒரு சிறு எச்சரிக்கை: கடற்கரை ஊரான சன்லூக்கரில் விளையும் ஒருவகை இரசத்திற்கு ‘மன்சனீயா’ என்று பெயர். சீமைச்சாமந்திப் பூக்கஷாயத்திற்கும் அதே பெயர்தான். எது வேண்டுமென்று தெளிவாகச் சொல்லவேண்டும்.

மடத்துச் சுழல்பெட்டி

திராட்சை இரசத்தைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக் கருவைப் பயன்படுத்துவது பழைய முறை. மிஞ்சிய மஞ்சள் கருக்களை இரச வணிகர்கள் கன்னியர் மடங்களுக்குத் தருமமாக அனுப்பிவந்தனர். வெளியுலகத்தோடு தொடர்பின்றிச் செபத்திலும் உழைப்பிலும் வாழும் அடைபட்ட மடங்கள் அவை. அச்சகோதரிகள் மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் சேர்த்துச் செய்த இனிப்பு ‘யேமா’ எனப்படுகிறது.

புனித லெயாந்தர் பெயரால் வழங்கும் அகுஸ்தீன் சபைக் கன்னியர் மடத்தின் யேமாக்கள் நாடெங்கும் பெயர் பெற்றவை. 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய மடம் அது. லெயாந்தர் செவிலின் ஆயராக இருந்தவர். மறைவல்லுநரான புனித இசிதோருக்குத் தமையன். மடத்தின் வாயிலில் நுழைந்தால் எவரும் தென்படமாட்டார். சுவரில் பதித்த மரத்தாலான சுழல்பெட்டி ஒன்று மட்டும் இருக்கிறது. மணியை இழுத்தோம். உள்ளிருந்து மாசற்ற மரியாயை வாழ்த்தும் குரல் ஒன்று வந்தது. பாவமின்றி உற்பவித்தவர் என்று மறுமொழி கூறவேண்டும். அதுவே அங்கு வழக்கம். பணத்தைப் பெட்டியில் வைத்தோம், அது சுழன்றது, திரும்பி வந்தபோது இனிப்பும் மீதிச் சில்லறையும் இருந்தன. கொடுத்தவரின் கையைக்கூட நாங்கள் காணவில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியாத தருமத்தைப்பற்றி நம் ஆண்டவர் சொன்னது நினைவிற்கு வந்தது.

15ஆம் நூற்றாண்டில் நிறுவப்பெற்ற புனித பவுலா மடத்தில் எரோணிமுஸ் சபைச் சகோதரிகள் கசப்பு ஆரஞ்சைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சிப் புட்டிகளில் விற்கின்றனர். தெருவில் எவரும் பறித்து உண்ணாத அக்கசப்புப் பழம் மடத்து அடுப்பில் தேனாகிறது. ஆண்டுதோறும் டிசம்பர்த் தொடக்கத்தில், அமல உற்பவத் திருநாளையொட்டி, அடைபட்ட மடங்களின் பலகாரங்களை ஒருங்கே வைத்து விற்கும் கண்காட்சியும் நகரில் நடைபெறுகிறது.

இம்மடங்களுக்கு இந்த விற்பனை பொழுதுபோக்கு ஆகாது. பழம்பெரும் கட்டடத்தின் கூரையைக் காப்பதும் முதிய சகோதரிகளைப் பேணுவதும் இந்த வருமானத்தைக் கொண்டுதான். ஸ்பெயினில் இறையழைத்தல் குறைந்துவிட்டது. பல மடங்கள் மூடப்பட்டுவிட்டன. எஞ்சிய பலவற்றில் இன்று இந்தியா, கென்யா முதலிய நாடுகளிலிருந்து சென்ற சகோதரிகள் செபிக்கின்றனர், பாகு காய்ச்சுகின்றனர். ஸ்பெயினில் பிறந்த புனித சவேரியார் நம் கரைக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தார்; நம் நாட்டுப் பெண்மக்கள் அந்நாட்டு மடத்தின் விளக்கு அணையாமல் காக்கின்றனர். செவிலுக்குச் செல்வோர் பகல் ஓய்வு நேரத்தைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ போய் ஒரு பெட்டி வாங்கினால் அது உணவாகவும் உதவியாகவும் அமையும்.

சந்தைக்கு அடியில்

குவதல்கிவீர் ஆற்றைக் கடந்தால் திரியானாப் பேட்டை. ஆற்றின் பெயரும் அரபுதான். ‘பெரிய ஆறு’ என்று பொருள். பானை வனைவோரின் பேட்டை இது. நகரின் பாதுகாவலரான புனித யுஸ்தாவும் புனித ரூபீனாவும் மண்பாண்டம் விற்றுப் பிழைத்த சகோதரிகள் என்பது மரபு. பாலத்தின் கோடியில் திரியானாச் சந்தை. மீனும் காயும் ஒலிவக் காயும் குவிந்திருக்க, மேலே வரிசையாகத் தொங்குகின்றன பன்றித் தொடைகள். ஓக் மரக் காட்டில் கொட்டைகளைத் தின்று வளர்ந்த கரும்பன்றியின் தொடையை உப்பிட்டு, இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் மலைக்காற்றில் உலரவைத்துச் செய்வது ‘கமோன்’. செவிலுக்கு வடமேற்கேயுள்ள கபூகோ மலையூர் இதற்குப் பேர்போனது. காகிதம்போல் மெல்லியதாய்ச் சீவித் தருகின்றனர். வாயில் வைத்தால் கரைகிறது.

அந்தச் சந்தைக்கு நேர் அடியில் வேறொரு கட்டடத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. படியிறங்கிப் போய்ப் பார்க்கலாம். அது புனித ஜார்ஜ் கோட்டை. 1481 முதல் ஸ்பானிய விசுவாச விசாரணை மன்றம் இயங்கிய இடம்.

இதைச் சொல்லாமல் விட்டால் இந்நகரின் உணவைப்பற்றிச் சொன்னதாகாது. செவிலின் யூதர் பேட்டையை 1391இல் கும்பல் சூறையாடிற்று. பலர் கொல்லப்பட்டனர்; பலர் உயிருக்கு அஞ்சித் திருமுழுக்குப் பெற்றனர். அப்படிப் பெற்றவர்களும் அவர்கள் வழிவந்தோரும் உண்மையான கிறிஸ்தவர்தாமா என்று ஆராயவே அம்மன்றம் அமைந்தது. எதைக்கொண்டு ஆராய்ந்தனர்? அடுக்களையைக் கொண்டு! பன்றி இறைச்சியை உண்ண மறுத்தால் ஐயம். சனிக்கிழமை அடுப்பு மூட்டாவிட்டால் ஐயம். கொழுப்புக்குப் பதிலாக ஒலிவ எண்ணெயில் கறி சமைத்தாலும் ஐயம். அந்த எண்ணெய் வாடை வீட்டிலிருந்து எழுவதையே அக்காலத்துக் குருவான ஒரு வரலாற்றாசிரியர் குறையாக எழுதிவைத்துள்ளார். அண்டை வீட்டார் மூக்கால் முகர்ந்து முறையிட்டனர். 1481 பிப்ரவரியில் முதல் தீயிடல் நிகழ்ந்தது. மன்றத்திற்கு 1478இல் இசைவளித்த திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸே, செவிலில் நடந்த அநீதிகளைக் கண்டித்து 1482இல் எழுத நேர்ந்தது. 1492இல் யூதர்கள் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டனர். 1609 தொடங்கி, முன்னோர் இஸ்லாமியராயிருந்து திருமுழுக்குப் பெற்ற மொரிஸ்கோக்களும் கப்பலேற்றப்பட்டனர்.

இன்று? ஒலிவ எண்ணெய் உற்பத்தியில் உலகில் முதலிடம் ஸ்பெயினுக்கு. அதுவே அந்நாட்டின் பெருமை. செவிலில் எந்த வீட்டுச் சன்னலிலிருந்தும் எழுவது அந்த வாடைதான். ஓய்வுநாளுக்கு முந்திய மாலையே கனலில் வைத்து மறுநாள் உண்பதற்காக யூதக் குடும்பங்கள் ஆக்கிய கடலைக் குழம்பிலிருந்தே இன்றைய ஸ்பானியக் கடலை–இறைச்சிக் குழம்பு பிறந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். தாங்கள் ஐயத்திற்குரியவர் அல்லர் என்று காட்டவே அதில் பன்றித் துண்டு சேர்ந்தது என்றும் சொல்வர். கீரையில் மணக்கும் சீரகமும், தேனில் முக்கிய எள்ளுப் பலகாரமும், மடத்துப் பாகிலுள்ள சர்க்கரையும், தெருவோர நாரத்தையும் துரத்தப்பட்டவர்கள் விட்டுச்சென்றவை. ஆட்களை அனுப்பிவிட்டனர், அவர்கள் கைமணத்தை அனுப்ப இயலவில்லை. பெரிய வெள்ளியன்று பக்தியோடு உண்ணும் தட்டிலேயே அது தங்கிவிட்டது.

இவ்வரலாற்றைக் கிளறுவது திருச்சபைக்கு இழுக்கு என்று சிலர் எண்ணலாம். திருச்சபை அவ்வாறு எண்ணவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயத்தார்பால் மதிப்பும் உறவும் கொள்ளுமாறு பணித்தது. 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனித பேதுரு பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றியபோது, உண்மையின் பெயரால் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைக்காகவும் யூத மக்களுக்கு இழைத்த தீங்குக்காகவும் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அந்த மன்றாட்டின் பொருள் சந்தைக்கு அடியிலுள்ள அச்சுவர்களுக்கு நடுவே நிற்கும்போது முழுமையாக விளங்குகிறது. மேலே வியாபாரக் குரல்களும் சிரிப்பும் கேட்கின்றன. கீழே எவரும் உரக்கப் பேசுவதில்லை.

எஞ்சி நின்ற இரு ஓவியங்கள்

செவிலைவிட்டுப் புறப்படுமுன் காணவேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆற்றின் அருகேயுள்ள ‘கரிதாத்’ என்னும் அன்பு மருத்துவமனை. செல்வக் குடும்பத்தில் பிறந்த மிகெல் மஞ்ஞாரா (1627–1679), மனைவியை இழந்தபின் உலகப் பெருமைகளை உதறி, அனாதைப் பிணங்களை அடக்கஞ்செய்துவந்த ஒரு பக்த சபையில் சேர்ந்தார். ஏழை நோயாளிகளுக்கு அம்மனையை எழுப்பினார். இன்றும் ஆதரவற்ற முதியோர் அங்கே பேணப்படுகின்றனர்.

அதன் ஆலயத்திற்காக ஓவியர் முரீயோ இரக்கச் செயல்களைச் சித்திரித்தார். 1810இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் சூல்ட் அவற்றுள் நான்கைக் கொண்டுபோய்விட்டார். எஞ்சியவை இரண்டு பேரோவியங்கள். ஒன்றில் மோயீசன் பாறையை அடித்துத் தாகித்தோருக்குத் தண்ணீர் தருகிறார். மற்றொன்றில் ஆண்டவர் அப்பங்களையும் மீன்களையும் பெருகச்செய்து பசித்தோரை உண்பிக்கிறார். தண்ணீர் பருகும் கூட்டத்தில் தாய்மாரும் பிள்ளைகளும் கால்நடைகளும்கூட இருக்கின்றன. அப்பம் பெற அமர்ந்திருக்கும் ஆயிரக்கணக்கானோரில் எவரையும், நீ யார், உன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று ஆண்டவர் கேட்கவில்லை.

இந்நகரம் 19ஆம் நூற்றாண்டில் ஈன்ற புனிதை சிலுவையின் ஆஞ்சலா (1846–1932) இதே பாடத்தைத் தம் வாழ்வால் கற்பித்தார். தந்தை ஒரு மடத்தின் சமையற்காரர். தாய் அம்மடத்தின் துணி வெளுத்தவர். காலணித் தொழிற்சாலையில் உழைத்த அப்பெண், 1875இல் சிலுவைச் சகோதரிகள் சபையைத் தொடங்கி, வறியோர் வீடுகளுக்கே சென்று அவர்களுக்கு உணவூட்டிப் பணிவிடை புரிந்தார். 2003இல் திருச்சபை அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது. அடுப்படியில் பிறந்த புனிதம் அது.

நாம் செவிலுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். கீரையும் கடலையும் எங்கும் கிடைக்கும். மீந்த ரொட்டியைத் தொர்ரீகா ஆக்க எந்த வீட்டிலும் முடியும். அடுத்த தவக்கால வெள்ளியன்று நம் பிள்ளைகளுக்கு இவற்றைச் செய்துகொடுத்து இக்கதையைச் சொல்லலாம். அடுத்தவன் அடுப்பை முகர்ந்து அவனை எடைபோடும் பழக்கம் ஸ்பெயினோடு முடிந்துவிடவில்லை என்பதை நாமும் அறிவோம். இன்னார் சமைத்ததை உண்ணலாம், இன்னாரோடு பந்தியில் அமரலாகாது என்று எண்ணுவோர் நம் பங்குகளிலும் இல்லாமலில்லை. திருப்பந்தியில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொண்ட நாம், திருவிழா அசனத்தின்போது நம் பக்கத்து இலையில் யார் அமர்கிறார் என்று திரும்பிப் பார்க்காமல் உண்போமாக.